மூடுபனியில் மட்டும் வரும் வியாதி

உங்களுக்குச் சகலை உண்டா? உண்டென்றால், போன ஞாயிற்றுக்கிழமை மேகமலையில் நான் பட்ட பாடு விளக்காமலே புரிந்துவிடும்.

என் சகலை ஆரோக்கியம், அதாவது என் மனைவி செசிலியின் தங்கை புருஷன், கம்பத்தில் திராட்சைத் தோட்டம் வைத்திருக்கிறான். என்னைவிட நான்கு வயது இளையவன். தலையில் முடி முழுசாக இருக்கிறது. ஜெயமங்கலத்தில் என் வாழையைக் காற்று சாய்த்த அன்று, அவன் திராட்சைப் பந்தலில் ஓர் இலைகூட உதிரவில்லை. போதாக்குறைக்குப் போன வருஷம் புத்தம்புது பிக்கப் வேறு. முகப்பில் இரண்டு மஞ்சள் ஃபாக் லேம்ப்... அதைப் பார்த்த நாளிலிருந்து எனக்கு வயிற்றெரிச்சல். மாத்திரையில் தீராத ரகம்.

என்னிடமும் பிக்கப் உண்டு. பதினாறு வருடப் பழசு — ஆனால் ஃபோர் வீல் டிரைவ்! டாஷ்போர்டில் ஒரு சுவிட்ச். திருகினால் ஒரு விளக்கு சிமிட்டும், அப்புறம் நின்று எரியும். நான்கு சக்கரமும் சேர்ந்து இழுக்கும். எந்தச் சேற்றிலும் ஏறிவிடும்.

இதெல்லாம் மூன்று மாதத்துக்கு முந்தைய கதை. இப்போது விளக்கு சிமிட்டுவதோடு சரி. முன்சக்கரம் சும்மா வரும்.

அதுவும் மலைக்குப் போனால்தான் இந்த வியாதி. சின்னமனூர் மெக்கானிக்கிடம் கொண்டுபோனால் வண்டி பரம யோக்கியன். “எல்லாம் கரெக்டா விழுகுதேண்ணே” என்பார். ஃபியூஸ் மாற்றினார். முன்சக்கரத்தைக் கோத்துவிடும் மோட்டாரைக் கழற்றிச் சுத்தம் செய்தார். மறுபடி மலை, மறுபடி சிமிட்டல்.

“இந்தத் தடவை ஏறலைன்னா வித்துப்புடணும். சரின்னு சொல்லுங்க” என்றாள் செசிலி. சொல்லித் தொலைத்தேன்.

மேகமலையில் ஒரு எஸ்டேட்டில் என் மச்சினன் சூப்பர்வைசர். அவன் மகளுக்குப் புதுநன்மை, அதாவது கோயிலில் முதன்முதலாக நற்கருணை வாங்கும் விழா. மத்தியான விருந்துக்கு வேண்டிய அரிசி, பிரியாணி அண்டா, நாற்காலி எல்லாம் என் வண்டியில். பக்கத்தில் செசிலி. பின்னாலேயே சகலை குடும்பம்.

தார் ரோடு முடிந்து எஸ்டேட் மண்பாதை. முந்தின நாள் மழை. மூடுபனியில் எதிரே யானை நின்றாலும் தெரியாது. சுவிட்சைத் திருகினேன். சிமிட்டியது... சிமிட்டிக்கொண்டே இருந்தது. பின்சக்கரம் சேற்றை வாரி இறைத்துவிட்டு உட்கார்ந்துகொண்டது.

ஆரோக்கியம் இறங்கி வந்தான். “கயிறு கட்டி இழுத்துருவமாண்ணே?”

அவன் வண்டி என் வண்டியை இழுப்பதா? அதுவும் செசிலி பார்க்க? அதற்கு அண்டாவைத் தலையில் சுமந்துகொண்டு நடந்தே போவேன். வேண்டாம் என்றேன்.

“தம்பி, நீங்களே என்னன்னு பாருங்க. இவுகளும் மூணு மாசமா பார்த்தாக...” என்றாள் என் தர்மபத்தினி.

விழாவுக்குப் போட்ட வெள்ளைச் சட்டையோடு அவன் சேற்றில் படுத்தான். திருகச் சொல்லிக் காது கொடுத்தான். மோட்டார் சத்தமே இல்லை. தன் வண்டியிலிருந்து டெஸ்ட் லேம்ப் எடுத்துவந்தான். ஆமாம், அதுவும் வைத்திருக்கிறான்! ஃபியூஸ் வரைக்கும் கரண்டு வந்திருந்தது.

“அப்ப கரண்டு திரும்புற எர்த்துதான் பத்தலை” என்றவன், கொஞ்சம் யோசித்துவிட்டுக் கேட்டான்: “கீழ நல்லா இருக்கு, இங்கன வந்தா மக்கர் பண்ணுது. இங்கன வந்தா மட்டும் என்னத்தண்ணே போடுறீக?”

வண்டியின் முகப்பைக் கை காட்டினேன். “ஃபாக் லேம்ப்.”

ஒன்றை உங்களிடம் சொல்ல மறந்துவிட்டேன். இல்லை, மறைத்துவிட்டேன். என் வண்டியிலும் ஃபாக் லேம்ப் உண்டு. இரண்டு. மஞ்சள். அவனுடையதைவிட ஒரு சைஸ் பெரியது. மூன்று மாதத்துக்கு முன் தேனியில் வாங்கி, நானே மாட்டினேன். கடையில் மாட்டியதாகச் செசிலியிடம் சொல்லிவைத்திருந்தேன்.

“அதை அமத்திட்டுத் திருகுங்க.”

திருகினேன். அடியில் ‘டக்’ என்றது. விளக்கு நின்று எரிந்தது.

அவன் டிரைவர் காலடியில் இருந்த பிளாஸ்டிக் மூடியைக் கழற்றினான். உள்ளே ஒரே போல்ட்டில் ஃபோர் வீலை இயக்கும் கன்ட்ரோல் பெட்டிக்கும் லேம்ப்புக்கும் சேர்த்து எர்த் வயர். பெயின்ட்டைச் சுரண்டாமல் முடுக்கியது; அதுவும் லூஸ். லேம்ப் எரிந்தால் பெட்டி பட்டினி. எல்லாவற்றுக்கும் மேலே, டேப் தீர்ந்துபோனதால் வயரைச் சுற்றி நான் கட்டியிருந்த வாழைநார்!

எந்தக் கடைக்காரன் வயரை வாழைநாரால் கட்டுவான்? ஆரோக்கியம் நாரைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். என் வண்டியின் தலையெழுத்து அப்போது அவன் வாயில்தான் இருந்தது.

“என்னாச்சு தம்பி?” செசிலி எட்டிப் பார்ப்பதற்குள் நார் அவன் சட்டைப் பைக்குள் போய்விட்டது.

“எலிதான், அக்கா. வயரைக் கடிச்சு வச்சிருக்கு. வண்டியில ஒரு குறையும் இல்ல, வித்துறாதீக.”

பெயின்ட்டைச் சுரண்டி போல்ட்டை முடுக்கினான். லேம்ப்புக்குத் தனி எர்த் கொடுத்தான். இரண்டு லேம்ப்பும் பளிச்சென்று எரிய, என் வண்டி மூடுபனிக்குள் ஜம்மென்று ஏறியது. விருந்து முடியும்வரை செசிலி எல்லோரிடமும் தம்பியின் மூளையைப் பற்றியே பேசினாள்.

நன்றி இருக்கிறதா என்றால், இருக்கிறது. ஆனால் அதைவிடப் பெரிதாக இன்னொன்று இருக்கிறது. முடி, திராட்சை, புது வண்டி — இதற்கெல்லாம் பொறாமைப்பட்டால் நாலு பேர் ஒப்புக்கொள்வார்கள். ஒருவன் நல்லவனாக இருக்கிறான் என்று பொறாமைப்படுவதை யாரிடம் போய்ச் சொல்வது? உங்களிடம்தான் சொல்ல முடியும். பொய்யைக்கூட என்னைவிடச் சுத்தமாகச் சொல்கிறானே!

திங்கட்கிழமையே செசிலி எலிப்பொறி வாங்கி, கருவாடு மாட்டி, டிரைவர் சீட்டுக்குக் கீழே வைத்துவிட்டாள். மூன்று நாளாக ஒன்றும் விழவில்லை என்று அவளுக்கு ஒரே கவலை.

எப்படி விழும்? எலி இங்கே உட்கார்ந்து பத்தி எழுதிக்கொண்டிருக்கிறது.