கிண்ணத்தில் தண்ணீர்

பழவேற்காட்டில், ஏரியைப் பார்த்த வீட்டில், முட்டை பொரிக்கும் பெட்டிக்குள் ஒரு கிண்ணம் தண்ணீர் வைத்தவன் நான். பெட்டியோடு வந்த கையேடு வைக்கச் சொன்னது, வைத்தேன். அரசாங்க விதிகளை மற்றவர்களுக்கு விளக்கியே ஓய்வு பெற்றவனுக்குக் கையேட்டைச் சந்தேகிக்கும் பழக்கம் எங்கிருந்து வரும்? அப்போது ஐப்பசி மழை. அப்பளம் பொரித்த கையோடு நமத்துப்போன நாட்கள். பத்து முட்டையிலும் குஞ்சுகள் முழுசாக வளர்ந்து, ஓட்டுக்குள்ளேயே ஈரத்தில் மூச்சுமுட்டிச் செத்திருந்தன.

எதிர்வீட்டுப் பெண் எட்டிப் பார்த்தாள். ஓலைப் பறிக்கூடையைப் பல்லில் கவ்விக்கொண்டு, ஏரிச் சேற்றைக் கையால் தடவி இறால் பிடிக்கிறவள்.

"இன்னா சார், குஞ்சுக்கு நீச்சல் கத்துக் குடுத்தியா?"

அடுத்த மாதம் அவளுடைய அடைக்கோழியை நாய் தூக்கிப்போனது. கல்யாணமாகி வந்தபோது பசியாவரம் தீவிலிருந்து படகில் மடியில் வைத்துக் கொண்டுவந்த கோழியின் வம்சம் அது. மிச்சம் இருந்தது அது ஐந்து நாள் அடைகாத்த பதினோரு முட்டைதான். தெருவில் வேறு அடைக்கோழி இல்லை. முந்தானையில் முட்டைகளோடு வந்து நின்றாள்.

"ஒன்ன நம்பி வரல சார். பெட்டி சூடா கீதே, அத்த நம்பி வந்தேன். தண்ணிய மட்டும் எடுத்துரு."

"கையேட்டுல என்ன போட்டிருக்குன்னா..."

"அத்த எழுதனவன் நம்ம ஏரிய பாத்துகீறானா?"

கிண்ணத்தை எடுத்தேன். வாழ்க்கையில் என் முதல் விதிமீறல்.

கோழி அடைக்கு உட்கார்ந்ததிலிருந்து பதினெட்டாம் நாள் காலை, புயல்காற்றில் மின்சாரம் போனது. மாலைவரை வரவில்லை. முட்டைகள் சில்லிட்டுவிட்டன. கையேட்டின்படி அவற்றைக் கழித்துவிட வேண்டியதுதான். அவளிடம் எப்படிச் சொல்வது என்று மனதுக்குள் வாசகம் தயாரித்தேன், 'வருந்துகிறேன்' எந்த இடத்தில் வர வேண்டும் என்பது உட்பட.

ஏரியிலிருந்து நேராக வந்தாள். என் வாசகம் முதல் வரியைத் தாண்டவில்லை. அடுப்பில் வெதுவெதுப்பாகத் தண்ணீர் வைத்து, அகலமான சட்டியில் ஊற்றி, முட்டைகளை ஒவ்வொன்றாக மிதக்கவிட்டாள்; உள்ளே உயிர் இருந்தால் முட்டை ஆடுமாம். ஊறிச் சுருங்கிய விரல்நுனி பட்டும் படாமலும் இருந்தது.

"ஆடுற மாதிரி தெரியலையேம்மா."

"சேத்துல இறா ஓடறது கண்ணுக்கா தெரியுது? கம்முனு இரு சார்."

மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வைத்தேன்.

"கீது," என்றாள். அடுத்ததற்கும், "கீது." மூன்றாவதை நெடுநேரம் பார்த்துவிட்டு, தனியே வைத்தாள். மொத்தம் ஏழு 'கீது'. ஏழையும் துடைத்து, வெந்நீர் பாட்டில்களுக்கு நடுவே துண்டில் சுற்றி, மின்சாரம் வரும்வரை அங்கேயே உட்கார்ந்திருந்தாள். கடைசி மூன்று நாளும் தண்ணீரைக் கூட்டச் சொல்கிறது கையேடு. அந்தப் பக்கத்தை நான் திறக்கவில்லை.

இருபத்தோராம் நாள் ஆறு குஞ்சுகள் வந்தன. ஏழாவது, ஓட்டில் ஒரு துளை போட்டுவிட்டு எங்களை அரைநாள் காக்கவைத்து, அப்புறம் வந்தது. ஈரம் காய்ந்ததும் ஏழையும் கூடையில் எடுத்துக்கொண்டு கிளம்பியவள், வாசலில் நின்றாள்.

"இப்ப குடு சார் அந்தக் கிண்ணத்த. புள்ளைங்க தண்ணி குடிக்கட்டும்."