அவன் விழுந்ததற்கு ஒரு கேக்

அந்த ஆபிரிக்க ஜனாதிபதியை அவனுடைய சிப்பாய்களே பைஜாமாவோடு இழுத்துப்போன வீடியோவை நாலு தரம் பார்த்தேன். வயிறு குளிர்ந்தது. ஈவிரக்கம் இல்லாதவன் என்று யாராவது சொன்னால் சொல்லட்டும்.

அவன் காட்டில் துவக்கோடு திரிந்த காலத்தில், யாழ்ப்பாணத்தில் நாங்கள் அவனைப் பற்றிய துண்டுப் பிரசுரங்களைக் கைமாற்றிப் படித்தோம். எங்கள் ஊர் இயக்கத்தில் சேருகிறவர்களுக்குப் புதுப்பெயர் வைப்பது வழக்கம். என் அண்ணன் அவனுடைய பெயரைக் கேட்டு வாங்கிக்கொண்டார். பிறகு ஒரு கேள்வி கேட்டதற்காக அதே இயக்கம் அண்ணனைச் சுட்டது. உடலைக்கூடத் தரவில்லை. லண்டனில் எனக்கு மகன் பிறந்தபோது, அண்ணன் நினைவாக அந்தப் பெயரையே வைத்தேன்.

அதற்குப் பிறகுதான் அவன் ஜனாதிபதியானான். முதல் வேலையாக, தன்னோடு காட்டில் கிடந்த தோழர்களைச் சிறையில் போட்டான். இவனும் அதே சாதிதான் என்று அன்றைக்கே தெரிந்துவிட்டது. அண்ணனைச் சுட்டவர்கள் என் கையில் அகப்படாமலே செத்துப்போனார்கள். மிச்சமிருந்த ஆத்திரம் முழுவதையும் இவன் மேல் வைத்தேன்.

மருத்துவமனை லோண்ட்ரியில் என்னோடு வேலை செய்பவள் அவன் நாட்டுக்காரி. ஒரு விரிப்பை மடிக்க இரண்டு பேர் வேண்டும். ஒன்பது வருடமாக எதிர்முனையைப் பிடிப்பவள் அவள். அவளுடைய தம்பியும் அந்தத் தோழர்களில் ஒருவன். சிறைக்குப் போனவன் திரும்பவில்லை. ஜனாதிபதியின் பெயரை அவள் வாயால் சொல்லமாட்டாள், ‘அந்த ஆள்’ என்றுதான் சொல்வாள். நானும் மகனின் பெயரை அவளிடம் ஒளித்தேன். எங்கள் ஆட்கள் மகனையும் ‘தம்பி’ என்றே கூப்பிடுவதால் அது சுலபமாக இருந்தது.

வீடியோ பார்த்த மறுநாள் காலை நோர்பரிக் கடையொன்றில் ஒரு கேக் வாங்கினேன்.

“ஆரோ ஒருத்தன் விழுந்ததுக்கு உங்களுக்கேன் கேக்?” என்றாள் மனைவி.

“இவனாவது விழுந்தானே. எனக்கு அது காணும்.”

வேலை இடைவேளையில் நானும் லோண்ட்ரித் தோழியும் அதை வெட்டினோம். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, “இனி அவன் பெயர்கூட இந்த உலகத்தில் இருக்கக்கூடாது” என்றாள். அந்த நேரம் பார்த்து மேசையில் கிடந்த என் போன் அடித்தது. திரையில் மகனின் படம், கீழே பெயர்.

“உன் மகனா?”

தலையாட்டினேன். அண்ணனின் கதையைச் சொன்னேன். முழுவதையும் கேட்டாள்.

“உன் அண்ணனுக்குச் சொந்தப் பெயர் ஒன்று இருந்திருக்குமே” என்றாள்.

கேக்கைத் தொடாமல் எழுந்து போனாள்.

திங்கட்கிழமை வழக்கம்போல விரிப்பின் எதிர்முனையைப் பிடித்தாள். மூலைகளைச் சேர்த்தபடி, “அந்த ஆள் சுகமா?” என்று கேட்டாள். விழுந்தவனை அல்ல, என் மகனைத்தான் கேட்டாள்.

சுகம் என்றேன்.