இன்னொருக்கா மிதியுங்கோ

வெளிநாட்டில், மிச்சம் என்ற ஊரில் எங்களுக்குப் பக்கத்து வீட்டில் வாடகைக்கு இருந்தவருக்கு ஐம்பது வயதிருக்கும். பெட்டி பெட்டியாக வந்த துண்டுகளைப் பூட்டி, கராஜில் ஒரு ஸ்போர்ட்ஸ் கார் செய்துகொண்டிருந்தார். முன்பின் ஒரு சைக்கிள்கூடப் பூட்டாதவர். ஒவ்வொரு ஆணியை முறுக்க முன்னும் புத்தகத்தை விரித்து, வாய்க்குள் இரண்டு தரம் வாசிப்பார். எனக்கு எழுத்து மட்டுமட்டு. ஆனாலும் ஓர் ஆணிக்கு இவ்வளவு படிப்பா என்று நினைப்பேன்.

ஒரு பின்னேரம் வேலிக்கு மேலால் கூப்பிட்டார். முகம் செத்துப்போயிருந்தது.

“அம்மா, பிரேக்கை மிதிக்க ஓராள் வேணும். நாளைக்குக் காருக்குச் சோதினை. தேறாட்டி, தந்த தவணை முடிஞ்சுதெண்டு வீட்டுக்காரன் எல்லாத்தையும் குப்பைக்கு ஏத்திப்போடுவான்.”

சேலையோடு அந்தப் பள்ளமான கார்ச் சீற்றில் இறங்கினேன். அவர் கார்ச் சில்லடியில் படுத்து, “மிதியுங்கோ”, “விடுங்கோ” என்றார். ஒரு மணித்தியாலம் மிதித்தும் பிரேக் களி மாதிரி அமுங்கியது. எட்டிப் பார்த்தேன்.

“என்னத்தைத் தம்பி வெளியில விடுறீர்?”

“பிரேக் எண்ணெய்க்குள்ள நிக்கிற காத்தை.”

“காத்து மேலயெல்லோ போகும்? நீர் கீழ இருக்கிற ஆணியையெல்லோ திறக்கிறீர்.”

புத்தகம் புரளும் சத்தம் கேட்டது.

“இடப்பக்கப் பிரேக்கையும் வலப்பக்கப் பிரேக்கையும் மாறிப் பூட்டிட்டன், அம்மா. அதுதான் ஆணி கீழ வந்திட்டுது.”

இரண்டு பக்கத்தையும் கழற்றி மாற்றிப் பூட்டினார். திரும்பவும் எண்ணெய் விட்டு, காற்றை வெளியேற்றினோம். பிரேக் காலடியில் கல்லுப்போல நின்றது.

“நிக்குது, தம்பி.”

“இன்னொருக்கா மிதியுங்கோ.”

“நிக்குது எண்டுறன்!”

“இன்னொருக்கா, அம்மா.”

குரல் உடைந்திருந்தது. முழங்கால் நோகிறது என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பிரேக் நின்ற பிறகும் அந்த மனிதர் எதை நம்பமாட்டாமல் அங்கே கிடந்தார் என்று இன்றும் எனக்கு விளங்கவில்லை. அன்றைக்கு நான் மிதித்துக்கொண்டே இருந்தேன்.