ஏழில் ஒன்று கம்மி

எங்கள் பள்ளிக்கூடத்துச் சத்துணவுக் கூடத்தில் அன்னத்தாய் என்று ஒருத்தி இருக்கிறாள். அவள் வாயில் வராத எண் ஒன்று இருந்தது. அது ஐந்துக்கு அடுத்தது, ஏழுக்கு முந்தியது. கோளாறு மூளையில் இல்லை, கழுத்தில் கிடக்கும் தாலியில். அவள் வீட்டுக்காரர் பெயர் ஆறுமுகம்.

புருஷன் பெயரைச் சொன்னால் அவர் ஆயுசு குறையும் என்பது அன்னத்தாயின் கட்சி. இப்படி நம்புகிறவர்கள் எங்கள் பக்கம் இன்னும் இருக்கிறார்கள். அவர்களெல்லாம் பெயரை மட்டும் விட்டுவிட்டு நிம்மதியாகக் காலம் தள்ளுகிறார்கள். அன்னத்தாய் எதையும் அரைகுறையாகச் செய்கிற ஆள் இல்லை. பெயருக்குள் இருக்கும் எண்ணையும் விட்டாள், அந்தச் சத்தம் கேட்கும் சொற்களையும் விட்டாள். தாமிரபரணிக் கரையிலேயே குடியிருக்கிறாள், ஆனால் அது அவளுக்குத் தண்ணி ஓடுத இடம். அவள் வடிக்கிற சோறு ஆறாது, குளுந்துதான் போகும். சாவு விழுந்த துட்டி வீட்டுக்குப் போனால் ஆறுதல் என்ற சொல்லுக்கு வழியில்லாததால் கட்டிப்பிடித்து அழுதுவிட்டு வருவாள். தகராறு என்றும் சொல்ல மாட்டாள். செய்வாள், ரேஷன் கடையில் கேட்டுப் பாருங்கள். ஆறுமுகனேரிக்குப் பஸ் ஏறினால் கண்டக்டரிடம், "காயல்பட்டணத்துக்குப் பக்கத்து ஊரு ஒண்ணு" என்று டிக்கெட் கேட்பாள்.

சமையலில் எண் இல்லாமல் தீராதே. அதனால் அந்த இடத்தில் 'அவுக' என்று போட்டுக்கொண்டாள். நூர்முகம்மது கடையில் போய், "அவுக முட்டை குடுங்க அண்ணாச்சி" என்றால் அவர் பேசாமல் ஆறு முட்டையை எடுத்துக் கொடுப்பார். ஒரு டஜன் வேண்டுமென்றால் ரெண்டு அவுக.

எனக்கு இதெல்லாம் எரிச்சலாக இருக்கும். நான் அந்தப் பள்ளியில் கணக்கு டீச்சர், சித்ரலேகா. என் வீட்டுக்காரரைத் தெருமுனையிலிருந்தே "கார்த்திகேசா!" என்று கூப்பிடுகிறவள். அவருக்கு இன்றுவரை ஒரு சளி, தடுமல்கூடப் பிடித்ததில்லை. அன்னத்தாயிடம் இதைச் சொன்னால் என் முகத்தைப் பார்த்துப் பாவமாக ஒரு 'உச்' கொட்டுவாள்.

அவள் அப்போது தற்காலிக உதவியாள்தான். சமையலர் வேலை காலியாகப் போகிறது, எட்டாம் வகுப்பு தேறியவர்களை எடுப்பார்கள் என்று பேச்சு வந்தது. அவள் ஐந்தோடு நின்றவள். வேறு ஆள் வந்துவிட்டால் கரண்டியை வைத்துவிட்டு வீட்டுக்குப் போக வேண்டியதுதான். அந்த அடுப்பங்கரையை விட்டுப் போவது அன்னத்தாய்க்கு உயிர் போவது மாதிரி. தனித்தேர்வு எழுதியே தீருவேன் என்று நின்றாள். எல்லாப் பாடமும் எப்படியோ வந்தது. கணக்கு மட்டும் என் தலையில் விழுந்தது.

சத்துணவுக் கூடத்துக்கும் ஆறாம் வகுப்புக்கும் நடுவில் பாதிச் சுவர்தான். அன்னத்தாய்க்கு அது 'அவுக கிளாஸ்'. காய் நறுக்கிக்கொண்டே பாடம் கேட்பாள். ஒரு நாள் பிள்ளைகளுக்கு இயற்கணிதம் ஆரம்பித்தேன். "எக்ஸ் என்பது ஓர் எண். அது எதுவென்று சொல்லாமலே அதைப் பற்றிப் பேசலாம், கூட்டலாம், பெருக்கலாம்" என்றேன். பிள்ளைகள் கொட்டாவி விட்டார்கள். சுவருக்கு மேலே அன்னத்தாயின் தலை எழும்பியது.

"இதுல என்ன டீச்சர் இருக்கு? கட்டிக்கிட்டு வந்த நாள்லேருந்து நான் இதத்தான செய்யுதேன்!"

எனக்கு மெய் சிலிர்த்துவிட்டது. பிள்ளைகளிடம் திரும்பி, "பாத்தீங்களா, எக்ஸ் என்பது அன்னத்தாய் அக்காவுடைய அவுக மாதிரி" என்று சொல்லிவைத்தேன். அதுதான் நான் செய்த பைத்தியக்காரத்தனம். மறுநாள் நோட்டைத் திருத்தினால் எல்லாப் பிள்ளைகளும் '3 அவுக + 2 அவுக = 5 அவுக' என்று எழுதியிருந்தார்கள். முஃபீதா மட்டும் கையைத் தூக்கி, "டீச்சர், ஒரு அக்காவுக்கு எப்படி அஞ்சு அவுக?" என்று கேட்டாள். நல்ல கேள்வி. உட்காரச் சொன்னேன்.

அன்னத்தாய் விஷயம் அதைவிட மோசம். எந்தச் சமன்பாட்டைக் கொடுத்தாலும் பார்க்காமலே விடை எழுதினாள். எக்ஸ் சமம் 6. எழுதினால் வாய் சொன்னதாகாது, அதனால் எழுதத் தடை இல்லை. எக்ஸோடு ஐந்தைக் கூட்டினால் ஒன்பது, எக்ஸ் என்ன? 6. எக்ஸில் பாதி ஒன்று, எக்ஸ் என்ன? 6.

"அன்னத்தாய், இந்தக் கணக்குல எக்ஸ் நாலு. இதுல ரெண்டு. கணக்குக்குக் கணக்கு மாறும். அதனாலதான் அதுக்கு மாறின்னு பேரு."

அவள் பேனாவைக் கீழே வைத்தாள்.

"டீச்சர், நேத்து அவுக நாலு, இன்னைக்கு ரெண்டு, நாளைக்கு இன்னொருத்தர்னு இருந்தா ஊரு என்ன பேசும்? எங்க வீட்டு அவுக மாறாதவுக."

"சரி, அப்ப உங்க அவுக மாறிலி. மதிப்பு மாறாதது."

இது அவளுக்குப் பிடித்துவிட்டது. வீட்டில் போய்ச் சொல்லியிருக்கிறாள். மறுநாள் ஆறுமுகம் பள்ளிக்கூட வாசலில் வந்து நின்றார். வாழைத்தார் லோடு ஏற்றுகிறவர், மெலிந்த மனிதர், சத்தமாகப் பேசவே தெரியாது. "டீச்சர், மாறிலின்னா வசவா?" என்று கேட்டார்.

"இல்லய்யா, மதிப்பான வார்த்தைதான்."

"அப்படியா! எனக்கு எங்கன டீச்சர் மதிப்பு? மண்டியில சின்னப் பயல்கூட 'ஏலே ஆறு'ன்னுதான் கூப்பிடுதான். அவ ஒருத்திதான் அவுக, இவுகங்கா" என்று சொல்லிச் சந்தோஷமாகப் போனார்.

கடைசியில் எக்ஸை ஒழித்துவிட்டு ஒய் போட்டுப் பார்த்தேன். "ஒய் யாரு டீச்சர்?" என்றாள். "அடுத்த வீட்டுக்காரர்" என்றேன். "அவரு எப்படிப் போனா எனக்கென்ன?" என்று சொல்லி எல்லாக் கணக்கையும் மளமளவென்று போட்டுவிட்டாள். ஒய் நாலானார், ஒன்பதானார், கழித்தல் மூன்றுகூட ஆனார், அவளுக்கு ஒரு வருத்தமும் இல்லை. தேர்விலும் எக்ஸைப் பார்த்த இடமெல்லாம் அடித்து ஒய் ஆக்கிக்கொண்டு எழுதினாள். தேறியும்விட்டாள்.

அதற்குப் பிறகு அலுவலகத்தில் நேர்காணல். தலைமை ஆசிரியை விடுப்பில் இருந்ததால் பள்ளி சார்பில் நான் போய் உட்கார்ந்தேன். ஆறுமுகம் உள்ளே வராமல் ஜன்னலுக்கு வெளியே வேப்ப மரத்தடியில் நின்றார். அதிகாரி எதிரே மேஜையில் 'ப. சண்முகம்' என்று பலகை. மதிப்பெண் பட்டியலைப் பார்த்தார், கணக்கில் வாங்கியிருப்பதைப் பார்த்தார், முகம் மலர்ந்தது. நானும் கணக்குதான் படித்தேன் என்று ஆரம்பித்தார்.

"எங்கே, ஒரு எண்ணை ரெண்டால பெருக்கி மூணைக் கூட்டினா பதினஞ்சு. அந்த எண் என்ன?"

உலகத்தில் எத்தனை எண் இருக்கிறது! பாவி மனுஷனுக்கு இதுதானா கிடைத்தது? அன்னத்தாய் ஒரு நொடியில் போட்டுவிட்டாள், முகத்திலேயே தெரிந்தது. வெட்கத்தோடு தலையைக் குனிந்து, "அவுக" என்றாள்.

"யாரு?"

"அவுகதான் சார்."

"நான் எண்ணைல்லா கேக்கேன்?"

"அந்த எண்ணுதான் சார், வெளியே நிக்காக."

அதிகாரி ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார். ஆறுமுகம் கும்பிட்டார். அதிகாரியும் ஏன் என்று தெரியாமல் கும்பிட்டார்.

"ஏம்மா, வெளையாடாத. விடை என்ன?"

"ஏழுல ஒண்ணு கம்மி சார்."

"அது எத்தனை?"

"பன்னெண்டுல பாதி."

"நான் கணக்கு கேட்டா நீ எனக்கே கணக்குப் போடுதியா?"

அவள் ஒரு கையை விரித்து, மறு கையில் ஒரு விரலையும் நீட்டினாள். கை காட்டுவதற்கு இது பஸ் ஸ்டாப்பா என்று அவர் சத்தம் போட்டார். நான் குறுக்கே புகுந்து விஷயத்தைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. நியாயமாகத்தான் பேசினார், அதுதான் கஷ்டம்.

"டீச்சர், தெனமும் எத்தனை பிள்ளைக சாப்பிட்டுச்சுன்னு இவங்கதான் மத்தியானம் போன்ல இங்க சொல்லணும். நூத்தி ஆறுன்னா என்ன சொல்லுவாங்க? நூத்தி அவுகன்னா? நான் அதை எங்க எழுத?" பிறகு அவளைப் பார்த்தார். "எண்ணை வாயால சொல்லு, வேலை ஒனக்கு. இல்லன்னா அடுத்த ஆளைக் கூப்பிடுதேன்."

அன்னத்தாய் என்னைப் பார்த்தாள், ஜன்னலைப் பார்த்தாள். "அவுக ஆயுசு கொறைஞ்சிரும் சார். எனக்கு வேலை வேண்டாம்" என்றாள். கண்ணீர் பொலபொலவென்று விழுந்தது. எனக்கு அவள் மேல் வந்த கோபத்துக்கு அளவே இல்லை, கூடவே எனக்கும் அழுகை வந்தது.

"ஏ புள்ள, சொல்லிரு. எனக்கு ஒண்ணும் ஆவாது" என்று ஜன்னலில் ஆறுமுகத்தின் குரல் கேட்டது.

"நீங்க சும்மா இருங்க!"

ஆறுமுகம் சும்மா இருக்கவில்லை. சுற்றி வந்து, தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துக் கையில் எடுத்துக்கொண்டு உள்ளே நுழைந்தார்.

"சார், இப்பம் இருந்து எம் பேரு சண்முகம்."

அதிகாரி பதறி மேஜைமேல் இருந்த பலகையைப் பிடித்துக்கொண்டார். "அது எம் பேருல்லாய்யா!"

"உங்களுக்கும் இருக்கட்டும் சார், எனக்கும் இருக்கட்டும். ரெண்டும் திருச்செந்தூர்க்காரன் பேருதான?"

பல வருஷமாகச் சமன்பாடு நடத்துகிறேன், இப்படி ஒன்றைப் பார்த்ததில்லை. சண்முகம் என்றாலும் அதே சாமி, அதே முகங்கள், ஒன்று கூடவும் இல்லை, குறையவும் இல்லை. அந்தச் சத்தம் மட்டும் இல்லை. மாறாதவர் மாறிவிட்டார், மதிப்பு அப்படியே இருக்கிறது.

அன்னத்தாய் கண்ணைத் துடைத்தாள். "நெசமாவா?"

"செந்தூரான் சத்தியமா. பழைய பேரு இனி எனக்கு இல்ல."

"ஆறு" என்றாள், மிக மெதுவாக. புருஷனைப் பார்த்தாள். நன்றாகத்தான் நின்றார். "ஆறு" என்றாள் மறுபடியும். பிறகு மடை திறந்துவிட்டது. பதினாறு என்றாள், நூத்தி ஆறு என்றாள், தகராறு, கோளாறு, வரலாறு என்றெல்லாம் சொல்லிக்கொண்டே போனாள். அதிகாரி, "போதும்மா, போதும்" என்று கையெழுத்துப் போட்டார்.

அவர் யோசிக்காத ஒன்று மறுநாள் மத்தியானம் முளைத்தது. அன்னத்தாய் எண்ணிக்கை சொல்ல அலுவலகத்துக்குப் போன் போட்டாள். யாரிடம் பேச வேண்டும் என்று அங்கே கேட்டார்கள். சண்முகம் சாரிடம் என்று இனி அவளால் எப்படிச் சொல்ல முடியும்? "ஆறுமுகம் சார்கிட்ட" என்றாள். அங்கே அப்படி யாரும் இல்லை என்று வைத்துவிட்டார்கள். அவள் மறுபடி அடித்தாள். சில நாள் இந்தக் கூத்து நடந்தது. அதிகாரி என்னைக் கூப்பிட்டு வருத்தப்பட்டார். உங்கள் மதிப்பு மாறவில்லை சார், பக்கம்தான் மாறியிருக்கிறீர்கள் என்று நான் சமாதானம் சொன்னேன். இப்போது அவர் ஆறுமுகம் என்று கூப்பிட்டாலே போனை வாங்கிவிடுகிறார்.

மண்டியில் பெயர் மாற்றமெல்லாம் செல்லுபடியாகவில்லை. இன்னும் 'ஏலே ஆறு'தான். ஆனால் மத்தியானம் லோடு வேலைக்கு நடுவில் அவர் எங்கள் பள்ளிக்கூடப் பக்கம் வருவதைக் கவனித்தேன். சத்துணவுக் கூடத்து ஜன்னலுக்கு வெளியே, அவள் கண்ணில் படாமல் சுவரோடு ஒட்டி நிற்பார். சாப்பாட்டுக்கு வருகிறார் என்று நினைத்து ஒரு நாள் கேட்கப் போனேன்.

"இங்கன என்ன செய்யுதீரு?"

"சும்மா டீச்சர்" என்று வாயில் விரலை வைத்தார்.

உள்ளே அன்னத்தாய் போனைக் காதில் வைத்துக்கொண்டு, "ஆறுமுகம் இருக்காகளா?" என்று கேட்டாள். கட்டிக்கொண்டு வந்த நாளிலிருந்து அந்தப் பெயரை அந்த வாயால் கேட்டிராத மனிதர், கண்ணை மூடிக்கொண்டு சுவருக்கு இந்தப் பக்கம் பைய, "இருக்கேன்" என்றார்.