சிங்கவரத்தில் யாரும் எங்கேயும் போவதில்லையாம்

மூன்று வருடமாக இதை எழுத நோட்டை எடுப்பதும் வைப்பதுமாக இருந்தேன். எட்டாம் வகுப்போடு நின்றவன், அரசாங்கக் காரியத்தைப் பற்றி எழுத நமக்கு என்ன யோக்கியதை என்று பயம். அதைவிட, நடந்ததில் என் வாய்க்கும் பங்கு உண்டு என்ற வெட்கம். எங்கள் சிங்கவரம் குன்றின்மேல் பள்ளிகொண்ட ரங்கநாதர் சாட்சியாக, உள்ளதை உள்ளபடி எழுதுகிறேன்.

மூன்று வருடத்துக்கு முன் ஒரு நாள், காலை 5.10. நானும் என் மனைவி அலமேலுவும் நடக்க ஆரம்பித்தோம். செஞ்சி பஸ் நிலையம் நாலு கிலோமீட்டர். அவளுக்கு இரண்டு கிட்னியும் வேலை செய்யவில்லை. வாரம் இரண்டு நாள் விழுப்புரம் ஆஸ்பத்திரியில் ரத்தம் சுத்தம் செய்யவேண்டும். 7.30க்குப் படுக்கையில் இருக்கவேண்டும். முன்பு எங்கள் ஊரிலிருந்து 5.40க்கு டவுன் பஸ் இருந்தது. பெண்களுக்கு டிக்கெட் கிடையாது. அதற்கு முந்தின மாதம்தான் அதை நிறுத்தியிருந்தார்கள். அடுத்த பஸ் 8.15க்குத்தான். கால் வீங்கியவள் பத்தடிக்கு ஒருதரம் நின்று நின்று நடந்தாள்.

5.55. பாதி வழியில் ஒரு ஆட்டோ நின்றது. ஓட்டுகிறவர் எட்டிப் பார்த்து, “இன்னாக்கா, காத்தாலயே வாக்கிங்கா?” என்றார்.

“ஆமா, ராஜகிரிக் கோட்டை உச்சிக்கு ஏறப்போறோம். நீயும் வாயேன், தொப்பை கொறையும்” என்றாள் அலமேலு. மூச்சு வாங்கியது, வாய் மட்டும் குறையவில்லை. நூற்றைம்பது கேட்டவர் சிரித்துக்கொண்டே நூறுக்கு இறங்கினார்.

6.25. செஞ்சியில் ஆறு மணி பஸ் போய்விட்டது, அடுத்ததில் ஏறினோம். விழுப்புரம் முப்பத்தெட்டு கிலோமீட்டர். ஆஸ்பத்திரி வாசலை மிதிக்கும்போது மணி 7.50. நர்சம்மா நல்ல மாதிரிதான், ஆனாலும் சொல்லிவிட்டார்: “இன்னொரு தபா லேட்டானா இந்த நேரத்த வேற ஆளுக்குக் குடுத்துடுவாங்கண்ணே. வெளிய எத்தினி பேர் காத்துட்டிருக்காங்க, பாருங்க.”

நாலு மணி நேரம் ஊசியும் குழாயுமாக அவள் படுத்திருப்பாள். அதற்குள், எங்கள் பஸ்ஸை ஏன் நிறுத்தினீர்கள் என்று கேட்டுவிடுவது என்று விழுப்புரத்திலேயே இருக்கும் ஒரு அலுவலகத்துக்குக் கிளம்பினேன்.

10.30. யார் எங்கே போகிறார்கள் என்று கணக்கெடுத்து, இன்னும் இருபது வருடத்தில் எத்தனை பேர் போவார்கள் என்று முன்கூட்டியே கணித்து, அதற்குத் தகுந்தாற்போல் பஸ் விடச் சொல்லும் அலுவலகம் அது. ஒரு இளவயது எஞ்சினியர் அம்மா நாற்காலி கொடுத்து உட்காரச் சொன்னார். கம்ப்யூட்டரில் செஞ்சிப் பக்கத்து வரைபடத்தைக் காட்டினார். ஒவ்வொரு ஊரிலிருந்தும் கோடு போட்டிருந்தது. நிறைய பேர் போனால் தடித்த கோடு, கொஞ்சம் பேர் என்றால் மெல்லிய கோடு. மேல்சித்தாமூருக்குக் கோடு இருந்தது, தளவானூருக்கு இருந்தது. சிங்கவரத்துக்கு மயிரிழை அளவுகூட இல்லை.

“ஏம்மா, எங்க ஊர்ல மனுஷங்களே இல்லியா?” என்றேன்.

அவர் கோபப்படாமல் ஒரு தாளை எடுத்துக் கொடுத்தார். எங்கள் நிறுத்தத்தில் விடிகாலையில் எடுத்த கணக்கு. ‘எங்கே போகிறீர்கள்’ என்ற கட்டத்தில் முதல் வரியிலிருந்து கடைசி வரி வரைக்கும் ‘இங்கேதான்’, ‘இதோ பக்கத்தில்’. ‘எதற்கு’ என்ற கட்டத்தில் ‘சும்மா’.

“நீங்க சொன்னதுதாங்கய்யா. ஒரு எழுத்து மாத்தல. பக்கத்துல சும்மா போறவங்களுக்கு பஸ் தேவையில்லன்னுதான கணக்கு வரும்?”

எனக்கு அவர்கள் கணக்கெடுக்க வந்த அந்தக் காலை ஞாபகம் வந்தது. ஆஸ்பத்திரிப் பையோடு நின்ற எங்களிடம் ஒரு பெண் ஃபாரத்தோடு வந்து, எடுத்த எடுப்பில் “எங்க போறீங்க?” என்றாள். நல்ல காரியமோ கெட்ட காரியமோ, கிளம்பி நிற்கிறவனை எங்கே என்று கேட்டால் போன காரியம் விளங்குமா? “இங்கதாம்மா, சும்மா” என்றேன். வேர்க்கடலைக் காட்டில் மல்லாட்டை பிடுங்கப் போனவர்கள், திண்டிவனத்துக்கு வேலைக்குப் போனவர்கள், எல்லோரும் அப்படித்தான் சொன்னார்கள். ‘தூரமா?’ என்று கேட்டிருந்தால் ஊர் பேரோடு சொல்லியிருப்போமே! இந்த மண்ணில் பிறந்த ஒருவருக்கும் இது தெரியாதா? அந்தப் பெண்ணின் வீட்டில் இப்படிக் கேட்டால் அவள் அம்மா சும்மா விடுவாரா? இருபது வருடம் கழித்து நடப்பதைக் கணிக்கத் தெரிகிறது, எதிரில் பையோடு நிற்கிறவள் நோயாளி என்று பார்க்கத் தெரியவில்லை.

இதையெல்லாம் அந்த எஞ்சினியர் அம்மாவிடமே சொன்னேன். தாளை வாங்கி இன்னொரு தரம் பார்த்தார். பிறகு, “எங்க பாட்டியும் ‘தூரமா’ன்னுதான் கேப்பாங்க. ஃபாரம் போட்டப்ப யாருக்கும் தோணல” என்றார். அடுத்த கணக்கெடுப்பு வரைக்கும் கோடு மாறாதாம். ஊரார் எங்கே, எதற்குப் போகிறார்கள் என்று எழுதிக் கொடுத்தால் மேலே அனுப்புகிறேன் என்றார்.

12.15. அலமேலுவிடம் சொன்னபோது, போகும் இடத்தையெல்லாம் காகிதத்தில் எழுதுவது எனக்கு உறுத்துகிறது என்றேன்.

“பெருமாளுக்குத் தெரியாத எடத்துக்கா போறேன்? மொத பேரு என்னுது போடுங்க. விழுப்புரம், ரத்தம் சுத்தம் பண்ணன்னு எழுதுங்க” என்றாள்.

எழுதினேன். தெருவில் இன்னும் அறுபத்திரண்டு பேர் எழுதினார்கள். ‘பரிசீலனையில் உள்ளது’ என்று பதில் வந்தது, பஸ் வரவில்லை. அதற்குள் இன்னொரு நாள் தாமதமாகி காலை நேரம் கை நழுவிப் போனது. இப்போது மதியம்தான் அவளுக்குப் படுக்கை. நாங்கள் செஞ்சிக்குத் திரும்பும்போது ஊருக்குக் கடைசி பஸ் போயிருக்கும். ஊசி குத்திய கையைப் பிடித்துக்கொண்டு அவள் நடக்கிறாள், நான் பையைத் தூக்கிக்கொண்டு பின்னால் நடக்கிறேன்.

படிக்கிறவர்கள் இதை நாலு பேருக்குக் கொடுங்கள். கேட்கிறவருக்கும் கொடுங்கள், பதில் சொல்கிறவருக்கும் கொடுங்கள். என் மரியாதைக்காக ஒரு வார்த்தையையும் மாற்றவேண்டாம். ‘இங்கதாம்மா, சும்மா’ என்று நான் சொன்னது அப்படியே இருக்கட்டும்.