மாலையோடு வந்தவர்கள்

பக்கவாதம் வந்த என் மாமனாரை ஆஸ்பத்திரியிலிருந்து சோழவந்தான் வீட்டுக்குக் கூட்டி வந்த அன்று, என் கணவர் லீவு கேட்டுக் கம்பெனி வாட்ஸப் குழுவில் செய்தி போட்டார். எல்லாம் இங்கிலீஷில்தான் எழுத வேண்டும் என்பது புது மேனேஜரின் உத்தரவு.

‘சிக்’ என்று மட்டும் போட்டால் மதிக்க மாட்டார்கள் என்று, நோயாளி என்பதற்கு ‘டிசீஸ்டு’ என்ற கனமான சொல்லைப் பிடித்தார். ஏறக்குறைய அதே உச்சரிப்பில் இன்னொரு சொல்லும் உண்டு. இரண்டே எழுத்துதான் மாறும். அதற்குப் பொருள் இறந்தவர். அவர் தட்டியது அதைத்தான். போனை சார்ஜில் போட்டுவிட்டு அப்பாவைத் துடைத்துவிடப் போனவர், வந்து விழுந்த இரங்கல்களைப் பார்க்கவே இல்லை.

மதியம் வாசலில் கார் நின்றது. கூட வேலை பார்க்கும் நான்கு பேர், ஆளுயர ரோஜா மாலையோடு உள்ளே வந்தார்கள். முன்னறைக் கட்டிலில் மாமா கண் திறந்து படுத்திருந்தார்.

அவர்களில் ஒருவர் மாலையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார். அது மறைகிற அளவிலா இருந்தது?

“மால... யாருக்குப்பா?” கோணிய வாயால் மாமா கேட்டார்.

“கோயிலுக்குப் போறோம்யா. போற வழியில உங்களப் பாத்துட்டுப் போலாம்னு...”

மாமா அவரையே பார்த்தார். பிறகு மகனைப் பார்த்தார். “எனக்குத்தான?”

என் கணவர் கொல்லைப்பக்கம் போய்விட்டார். வந்தவர்களில் ஒருவர்தான் என்னைத் தனியே கூப்பிட்டுப் போனைக் காட்டினார். “அண்ணே இப்பிடிப் போட்டிருந்தாரும்மா. நாங்க என்னத்தக் கண்டோம்?” அவர் கண் கலங்கியிருந்தது. நான் கொடுத்த தண்ணீரைக்கூடக் குடிக்காமல் கிளம்பிப் போனார்கள்.

அன்றிலிருந்து மாமா கஞ்சிக்கு வாய் திறக்கவில்லை. “ரெண்டு வாய் குடிங்க மாமா” என்று கெஞ்சினேன்.

“இம்புட்டுத் தொலவு வந்தாகளே. இன்னும் எதுக்குத்தா?” என்று சுவர்ப்பக்கம் தலையைத் திருப்பிக்கொண்டார்.

அடுத்த வாரம் போய்ச் சேர்ந்தார். என் கணவர் இந்தத் தடவை மேனேஜருக்குப் போன் செய்தார். அந்த மனிதர் குத்தலாகக் கேட்கவில்லை, உண்மையாகவே தயங்கிக் கேட்டார்: “நல்லா... பாத்துட்டீங்களா?”

என் கணவர் போனை என்னிடம் நீட்டினார். பாடை கட்ட ஆட்கள் வந்துகொண்டிருந்தார்கள். “ஆமா சார், இறந்துட்டாரு” என்றேன்.