கதிரையில் ஒருவர், வாங்கின் கீழ் ஒருவர்

போன கிழமை மன்னார் பட்டினத்தில் ஒரு இரும்புக்கடைக்குப் போனேன். குளியலறைக்கு ஒரு துண்டுக் குழாய் வேண்டும். கடைக்காரர் பிளாஸ்டிக் குழாயை வாளால் அறுக்க, சூடான மணம் எழுந்தது. குழாயை வாங்காமலே வெளியே வந்துவிட்டேன். வீட்டில் இன்னும் வாளியில் அள்ளித்தான் குளிக்கிறோம்.

அப்படியொரு குழாயில் மணலை நிரப்பி, இரண்டு பக்கமும் அடைத்து, பொலிஸ் நிலையம் ஒன்றில் ஆட்களை அடிக்க வைத்திருந்தார்கள். சண்டை முடிந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. நான் பட்டினத்தில், புடவைக்கடை ஒன்றின் மேல்மாடியில் இருந்த சட்ட உதவிக் கந்தோரில் மொழிபெயர்ப்பாளர். என் சிங்களம் தொலைக்காட்சி நாடகம் பார்த்துப் படித்தது. அதனால் நான் எழுதும் முறைப்பாடுகளிலெல்லாம் கண்ணீர் ஆறாக ஓடும். எங்கள் சட்டத்தரணி ரிஸானா, முசலிப் பக்கத்து முஸ்லிம் பெண், வாசித்துவிட்டுச் சிரிப்பார். "பிள்ளை, இது பொலிஸுக்குப் போற கடிதம். காதலனுக்கு இல்லை."

ஒரு நாள் காலை மாரியாயி வந்தாள். மலைநாட்டுக் கலவரத்தில் துரத்தப்பட்டு வெள்ளாங்குளத்தில் குடியேறிய குடும்பம். புருசன் செல்வராசா கூலி வேலை.

"தண்ணி மோட்டர் திருடுனாருன்னு எங்க வூட்டுக்காரர புடிச்சிட்டுப் போயிட்டாங்க மிஸ். அவரு கத்துற சத்தம் ரோட்டுக்கே கேக்குது."

ரிஸானா நீதிமன்றத்தில் இருந்தார். நான் மாரியாயியோடு பஸ் ஏறினேன்.

நிலையத்து முன் அறையில் ஒரு இளைஞர் கதிரையில் இருந்து பிளேன்ரீ குடித்துக்கொண்டிருந்தார். செல்வராசா வேலை செய்த காணிக்காரரின் மருமகன். களவுபோன மோட்டர் அவருடைய கூட்டாளி வீட்டில்தான் அகப்பட்டது. அதே மோட்டருக்காகத்தான் இவரையும் செல்வராசாவையும் கொண்டுவந்திருந்தார்கள். உள்ளே, "சாமி, நான் எடுக்கலங்க சாமி" என்று ஒரு குரல். கதவு திறந்தது. நீள மர வாங்கின் காலோடு கைகள் கட்டப்பட்டு, செல்வராசா அதன் கீழே கிடந்தார். வலது கை வீங்கிக் கறுத்திருந்தது. சார்ஜன்டின் கையில் குழாய்.

பக்கத்தில் நின்ற தமிழ்க் கான்ஸ்டபிள் ஆறுதலாகச் சொன்னான்: "தோட்டக்காட்டான், தங்கச்சி. அடிச்சால்தான் வாய் திறப்பான்."

"அப்ப அவருக்கு ஏன் அடிக்கேல்லை?" கதிரையைக் காட்டிக் கேட்டேன்.

"அவர் நல்ல குடும்பத்துப் பொடியன்."

உங்களிடம் மறைக்க என்ன இருக்கிறது. மலைநாட்டாரை இழிக்கும் அந்தத் 'தோட்டக்காட்டான்' என்ற சொல்லை நான் முதன்முதலில் கேட்டது பொலிஸில் அல்ல, எங்கள் வீட்டில், சாப்பாட்டு மேசையில். நானும் சிரித்திருக்கிறேன்.

சார்ஜன்ட் ஒரு கடதாசியை என் முன்னால் தள்ளினான். களவை ஒப்புக்கொள்வதாகச் சிங்களத்தில் எழுதிய வாக்குமூலம். செல்வராசாவுக்குத் தமிழில் வாசித்துக் காட்டியதாக நான் ஒப்பம் வைக்க வேண்டும். "மாட்டன்" என்றேன். சார்ஜன்ட் என் கன்னத்தில் அறைந்தான். முதல் அடியில் காது கூவியது. இரண்டாவதில் மேசை விளிம்பில் விழுந்து ஒரு பல் போனது. வீரம் என்று நினைக்காதீர்கள். ஒப்பம் வைத்துவிட்டு ரிஸானாவிடம் போய்ச் சொல்ல எனக்கு அதைவிடப் பயம்.

என்னை அன்றே வெளியே தள்ளிவிட்டார்கள். மறுநாள் ரிஸானா ஆட்களைத் திரட்டினார். நிலையத்துக்கு முன்னால் வெள்ளாங்குளத்துப் பெண்கள், முசலி முஸ்லிம் பெண்கள், பள்ளிமுனையில் மீன் விற்கும் பெண்கள் எல்லோரும், செல்வராசாவை நீதவானிடம் கொண்டுபோகச் சொல்லித் தெருவில் இருந்தோம். வேட்டி கட்டிய ஒருவர் வந்து, "உது களவு வழக்கு. அந்த ஆக்களின்ர விசயத்துக்கு நீங்கள் ஏன் வெயில்ல காயிறியள்?" என்று கேட்டார்.

பள்ளிமுனை பிலோமினா அக்கா நிமிர்ந்து பார்த்தார். "என்ர மூத்தவனைப் பிடிச்சுக் கொண்டுபோகேக்க ஆரும் வரேல்லை. அதுதான் நான் வந்தனான்."

மத்தியானம் பொலிஸார் பொல்லுகளோடு இறங்கினார்கள். மாரியாயியின் தோள் எலும்பு முறிந்த சத்தம் எனக்குக் கேட்டது. பிலோமினா அக்கா அவள் மேல் குப்புற விழுந்து மூடிக்கொண்டார். அடுத்த அடி அவருடைய தலையைப் பிளந்தது. இரத்தம் மாரியாயியின் முகத்தில் வழிந்தது. அப்படியிருந்தும் ஒருவரும் எழும்பவில்லை. பின்னேரம் செல்வராசாவை நீதவானிடம் கொண்டுபோனார்கள். நீதவான் சட்டையைக் கழற்றச் சொன்னார். முதுகு முழுக்கக் கண்டியிருந்ததைப் பார்த்து எழுதிக்கொண்டார். பிறகு ஆஸ்பத்திரிக்கு அனுப்பச் சொன்னார்.

வழக்கு தள்ளுபடியானது. சார்ஜன்டுக்கு இடமாற்றம், அவ்வளவுதான் தண்டனை. கான்ஸ்டபிளுக்குப் பதவி உயர்வு என்று கேள்விப்பட்டேன். செல்வராசாவின் வலது கை விரல்கள் அதற்குப் பிறகு மண்வெட்டிப் பிடியைச் சுற்றி மடங்கவேயில்லை. குடும்பம் வெள்ளாங்குளத்தை விட்டுப் போய்விட்டது. எங்கே என்று தெரியாது.

கந்தோர் இருந்த மாடியில் இப்போது கைத்தொலைபேசி திருத்துகிறார்கள். பிலோமினா அக்கா செத்துப்போனார். ரிஸானா வெளிநாட்டில்.

போன வருடம் பொலிஸில் அடிவாங்கிய ஒரு முஸ்லிம் கூலித் தொழிலாளிக்காக எழுதிய மட்டைகளைப் பிடித்துக்கொண்டு தெருவோரத்தில் நின்றோம். ஏழு பேர். மோட்டார் சைக்கிளில் வந்த ஒருவர் நிறுத்தி, தலைக்கவசத்தைக் கழற்றி, "ஆருக்கு அடிச்சவங்கள்?" என்று கவலையோடு கேட்டார்.

பெயரைச் சொன்னேன்.

"ஓ, அவையின்ர ஆளோ" என்றவர், தலைக்கவசத்தைப் போட்டுக்கொண்டு போய்விட்டார். அன்று முழுக்க எங்களிடம் நின்று கேட்டவர் அவர் ஒருவர்தான்.